உயிரிரக்கம் சொன்ன ஏடுகளும் கெடா தோட்டத்துப் பிள்ளைகளும்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை வகுப்பறையில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறான் ஒரு சிறுவன். ஆசிரியர் பாராட்டுகிறார். மற்ற பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பள்ளி விட்டதும் அதே சிறுவன் கால்வாய் ஓரம் படுத்திருக்கும் தெருநாயின் மேல் கல்லை விட்டெறிகிறான். படித்த கதைக்கும் எறிந்த கல்லுக்கும் இடையில் என்ன நடந்தது? கதை தோற்றதா? கதையைச் சொன்ன முறை தோற்றதா? அல்லது வீடும் வீதியும் அவனுக்கு வேறொரு பாடத்தை நடத்தினவா?

உயிர்களிடத்தில் அன்பு காட்டச் சொல்லும் சிறுவர் ஏடுகள் தமிழில் குறைவில்லை. அவை பிள்ளையின் கைக்கு வந்த வழியையும், வந்த இடத்தில் பிள்ளை கண்ட வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். அவ்வாறு பார்ப்பதற்குக் கெடா மாநிலத்துத் தோட்டங்களையும் பட்டணங்களையும் விடப் பொருத்தமான இடம் இந்நாட்டில் அரிது.

பட்டினப்பாலையில் கெடா

கெடாவுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு ரப்பர் மரத்தோடு தொடங்கியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது காழகத்திலிருந்து வந்த செல்வத்தையும் குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரமே என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். அந்தக் கடாரத்தை இன்றைய கெடா எனக் கொள்வோர் ஆய்வாளரிடையே பலர்.

பலரும் கவனிக்காத செய்தி ஒன்று அதே பாட்டில் உண்டு. அந்நகரத்து மக்கள் கொலையை வெறுத்தனர், பசுவையும் எருதையும் பேணினர் என்கிறார் புலவர். வலைஞர் வீட்டு முற்றத்தில் மீன்கள் அச்சமின்றித் துள்ளின. இறைச்சி விற்போரின் குடிசைப் பக்கம் விலங்குகள் வந்து கூடின என்றும் பாடுகிறார். இதில் புலவரின் கற்பனை கலந்திருக்கலாம். ஆயினும் ஒரு துறைமுகத்தின் பெருமையைச் சொல்ல வந்தவர், கப்பலையும் சரக்கையும் எண்ணியதோடு நிற்காமல் வாயில்லா உயிர்கள் அங்கே அஞ்சாமல் வாழ்ந்ததையும் ஒரு பெருமையாகச் சேர்த்தார் என்பது கருதத்தக்கது.

மெர்போக் வட்டாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து பார்த்தபோது பௌத்தச் சின்னங்களும் சைவச் சின்னங்களும் வெளிப்பட்டன. கொல்லாமையை அறமாகச் சொல்லும் சமய மரபுகள் கெடா மண்ணுக்குப் புதியவை அல்ல என்பதற்கு இவை சான்று.

கதை வேறு, கருணை வேறு

பிள்ளைகளுக்கான விலங்குக் கதை என்றதும் நினைவுக்கு வருவது பஞ்சதந்திரம். சென்னைக் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றிய தாண்டவராய முதலியார் அதனை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடைக்குக் கொண்டு வந்து 1826இல் வெளியிட்டார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1835இல், மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா ஒரு தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்தே மலாய்க்கு மொழிபெயர்த்தார். நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்படுபவர் தமிழ் வழியாக இக்கதைகளை எடுத்துத் தந்தார் என்பது இந்நாட்டுத் தமிழர் பெருமைப்படத்தக்க செய்தி. மலாய் மக்களிடம் ஏற்கெனவே சாங் கஞ்சில் என்னும் சருகுமான் கதைகள் இருந்தன. அந்தச் சருகுமானைத் தேசிய மொழிப் பாடத்தில் சந்திக்காத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பஞ்சதந்திரம் அரசகுமாரர்களுக்கு உலகியல் அறிவு புகட்ட எழுந்த நூல். அதில் சிங்கமும் நரியும் காளையும் பேசுவது மனிதரின் தந்திரத்தை. சருகுமான் கற்பிப்பதும் வலியவனை மதியால் வெல்லும் வழியையே. நரி தந்திரக்காரன், கழுதை முட்டாள், பாம்பு துரோகி என்றே கதைகளில் படித்து வளரும் பிள்ளைக்கு உண்மையான பாம்பின் மேல் இரக்கம் பிறக்குமா? விலங்கு வரும் கதைகள் எல்லாம் விலங்கின்மேல் அன்பு வளர்க்கும் கதைகள் ஆகிவிடா.

இரக்கத்தை நேராகப் பேசும் சிறுவர் ஏடுகள் மேல்நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. 1786இல் இங்கிலாந்தில் சாரா டிரிம்மர் ஒரு குருவிக் குடும்பத்தையும் ஒரு மனிதக் குடும்பத்தையும் அருகருகே வைத்துக் கதை எழுதினார். 1877இல் அன்னா சூவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி' என்னும் நூலில் குதிரையே தன் கதையைச் சொன்னது. வண்டிக் குதிரையின் தலை எந்நேரமும் நிமிர்ந்து நிற்கும்படி வாரால் இழுத்துக் கட்டும் கொடுமையை அந்நூல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. அவ்வழக்கத்துக்கு எதிராக எழுந்த குரலுக்கு அது பெரும் வலுவூட்டியது. ஒரு கதைப் புத்தகம் ஊர் வழக்கத்தையே அசைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழில் இந்த மரபு அரசர் கதைகளாக இருந்தது. படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரைக் கொடுத்த பாரி, குளிரில் நடுங்குகிறது எனக் கருதி மயிலுக்குப் போர்வை தந்த பேகன், புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபி, கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய சோழன் ஆகியோரைப் பிள்ளைகள் அறிவர். திருக்குறளில் அருளுடைமை, புலால் மறுத்தல், கொல்லாமை எனத் தனித்தனி அதிகாரங்களே உண்டு. ஆனாலும் இவை பெரியவர்களின் பேரறத்தைச் சொல்லும் நூல்கள். பிள்ளை தன் கையால் என்ன செய்யலாம் என்பதைப் பிள்ளையின் மொழியிலேயே சொன்னவர் பாரதியார். அவருடைய பாப்பா பாட்டில் கோழியும் காக்கையும் பசுவும் நாயும் வண்டிக் குதிரையும் ஆடும் வரிசையாக வருகின்றன. யாவும் வாசலுக்கு வெளியே நிற்கும் உயிர்கள். அவற்றோடு விளையாடு, அவற்றுக்கு இரங்கு, அவற்றைக் காப்பாற்று என்பதே செய்தி. அரசனாக இல்லாத பிள்ளையும் செய்யக்கூடிய அறம் அது.

தோட்டப் பள்ளியின் ஒற்றை அறை

1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்குக் கெடா மாறியது. கூலிம், கோல மூடா, பாலிங் வட்டாரங்களில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பரவின. தமிழகக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் கங்காணிகள் வழியாக வந்து சேர்ந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. கெடா அக்கூட்டில் சேர்ந்த மாநிலமன்று. எனினும் கெடா தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. கோயில் மண்டபமும் பழைய கொட்டகையும் வகுப்பறைகளாயின. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார்.

அக்காலத்துப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவை. அவற்றில் இருந்த ஆறும் மரமும் திருவிழாவும் அந்நாட்டுக்குரியவை. மலாயாவில் பிறந்த பிள்ளை, தான் பார்த்தறியாத பனைமரத்தையும் ஏற்றத்தையும் படித்தது. ஆனால் பசுவும் ஆடும் காக்கையும் அந்தப் பிள்ளைக்கு அந்நியமாக இல்லை. லயன் வீடுகளின் பின்புறம் மாட்டுக் கொட்டகை இருந்தது. விடியலில் பெற்றோர் பெரட்டுக்குப் போன பிறகு பிள்ளைகள்தான் ஆட்டைக் கட்டினார்கள், கோழிக்குத் தீனி போட்டார்கள், கன்றை அவிழ்த்து விட்டார்கள். ஏட்டில் படித்த பசுவை வீட்டுக்கு வந்து தொட முடிந்தது. இரக்கத்தின் முதல் பாடம் பல பிள்ளைகளுக்குக் கன்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்த கையில்தான் கிடைத்தது.

அதே லயத்தில் வேறொரு பாடமும் நடந்தது. துரை கிராணியை அதட்டுவார்; கிராணி மண்டோரை அதட்டுவார்; மண்டோர் பால்வெட்டுத் தொழிலாளியை ஏசுவார். அந்தத் தொழிலாளி கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியையும் பிள்ளையையும் அடிப்பான். அடி வாங்கிய பிள்ளைக்குத் திருப்பி அடிக்கக் கிடைத்தது வாசலில் கிடக்கும் நாய் ஒன்றுதான். கொடுமை மேலிருந்து கீழே இறங்கி வந்த வரிசையில் நாய்தான் கடைசி. ஏடு எவ்வளவு சொன்னாலும் இந்த வரிசையை உடைக்காமல் பிள்ளையின் கையிலிருந்த கல்லைக் கீழே போட வைக்க முடியாது.

அதை உடைக்க முயன்றவர்களும் கெடாவில்தான் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. 1947இன் தொடக்கத்தில் நடந்த மறியலும் போலீசாருடன் ஏற்பட்ட மோதலும் உயிர்ப்பலியில் முடிந்தன. அது தொழிலாளர் மானத்துக்கான போராட்டம். அதே வேளை, லயன் வீட்டுக்குள் விழுந்த அடியைக் குறைக்க எழுந்த முயற்சியும் ஆகும்.

பலிக் கடாவின் முன் நின்ற பிள்ளை

இன்னொரு முரணையும் மறைப்பதற்கில்லை. வகுப்பில் கொல்லாமை அதிகாரத்தை ஒப்பித்த பிள்ளை, ஆண்டுத் திருவிழாவின்போது முனியாண்டி சன்னதியில் கடா வெட்டுவதைப் பார்த்து நின்றது. சில வீடுகளில் அந்தப் பிள்ளை தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கடாவாகவே அது இருக்கும். நேர்ந்துவிட்ட பெற்றோரும் அன்பில்லாதவர்கள் அல்லர். நோயும் பாம்புக்கடியும் காட்டு விலங்கும் சூழ்ந்த வாழ்க்கையில் காவல் தெய்வத்திடம் வைத்த நம்பிக்கை அது. ஆனால் ஏடு ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று செய்தபோது, பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

எட்வின் ஆர்னால்டு 1879இல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் காவியத்தைத் தழுவிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'ஆசிய ஜோதி'யைத் தமிழில் படைத்தார். நொண்டி ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து நடக்கும் புத்தர், பிம்பிசாரனின் வேள்விச் சாலையில் பலியைத் தடுத்து நிறுத்தும் காட்சி அதில் வருகிறது. கடா வெட்டைக் கண்ட பிள்ளையின் மனத்தில் எழும் கேள்வியை இதைவிட நேராகத் தொட்ட பகுதி தமிழில் குறைவே. 1929இன் இறுதியில் பெரியார் மலாயா வந்து சென்ற பின் வலுப்பெற்ற சீர்திருத்த எண்ணமும், 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கத்தின் பரப்புரையும் உயிர்ப்பலிக்கு எதிராகப் பேசின. ஒன்று பகுத்தறிவு வழி. மற்றொன்று சமய வழி. இரண்டும் சந்தித்த இடம் ஆட்டின் உயிர் என்பது வரலாற்றின் வியப்பு.

மண்ணின் ஏடுகள்

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1950இல் தமிழகத்தில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். எளிய சொற்களில் அணிலும் பூனையும் யானையும் துள்ளும் அவர் பாடல்கள் கடல் கடந்தும் பாடப்பட்டன. அதே காலத்தில், 1950களின் தொடக்கத்தில், கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைத் தொடங்கியது. அதுவரை படிக்க மட்டும் செய்த மலாயாப் பிள்ளைகள் அதன் வழியாக எழுதவும் தொடங்கினர். 1956இன் ரசாக் அறிக்கையும் அதையொட்டிய 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் பாடத்திட்டம் இந்நாட்டை மையமாகக் கொள்ள வழி வகுத்தன. பனைமரம் இருந்த பக்கத்தில் ரப்பர் மரம் வந்தது. முரசு நெடுமாறன் போன்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே பாடல்கள் எழுதினர்.

1983இல் புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் அறிமுகமானபோது நன்னெறிக் கல்வி தனிப் பாடமானது. இரக்கமும் பரிவும் பாடநூலில் தலைப்புகளாக இடம்பெற்றன. அது நல்ல முயற்சி. ஆனால் காலப்போக்கில் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. காயம்பட்ட பூனைக்கு உதவும் சிறுவனின் படம் வரும். இவனிடம் உள்ள நற்பண்பு எது என்று கேள்வி வரும். பிள்ளை 'பரிவு' என்று எழுதும், மதிப்பெண் கிடைக்கும், பாடம் முடிந்துவிடும். 2021இல் அகற்றப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் காலத்தில் செய்யுளும் பழமொழியும் பொருளோடு மனப்பாடம் செய்யப்பட்டன. இன்றும் அந்தப் பழக்கம் முற்றாக மறையவில்லை. பண்பின் பெயரைத் தெரிந்துகொள்வதும் பண்பைப் பெறுவதும் ஒன்றாகிவிட்டன. பாரியின் கதையை ஒப்பித்துவிட்டு நாயின்மேல் கல் எறியும் சிறுவன் பிறந்தது இங்கேதான்.

தோட்டம் கலைந்த பின்

முன்னாளில் ஏட்டின் குறையைத் தோட்டம் ஈடுசெய்தது. புத்தகம் வெறும் பெயராகச் சொன்ன பசுவை லயம் உயிரோடு காட்டியது. அந்தத் தோட்டம் இன்று பெரும்பாலும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. 1957இல் நாடு முழுவதும் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. அவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை கெடாவில் உள்ளன. குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பட்டணங்களின் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. மாட்டுக் கொட்டகையை நான்காம் மாடிக்குக் கொண்டு போக முடியாது. அங்கே வளரும் பிள்ளைக்குப் பசு என்பது படம். பால் என்பது பெட்டி.

எனவே இன்றைய சிறுவர் ஏட்டுக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது. அது சொல்வதற்குக் கெடாவிலேயே எத்தனையோ இருக்கின்றன. செம்பனைத் தோட்டங்களிலும் நெல்வயல்களிலும் கூகைகளுக்கென்று கம்பத்தின் மேல் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஆந்தை அலறினால் அபசகுனம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதே ஆந்தை எலியைப் பிடித்து நெல்லைக் காப்பதைச் சொல்லும் ஒரு கதை போதும். பயம் தெளியும், கல் கீழே விழும். தாய்லாந்து எல்லையை ஒட்டிய உலு மூடா காட்டில் யானைகள் நடமாடுகின்றன. தீபகற்ப மலேசியாவின் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் அங்கே உண்டு. கெடாவின் வயலுக்கும் பினாங்கின் குழாய்க்கும் வரும் நீர் அந்தக் காட்டைச் சார்ந்தது. அந்த யானைக்கும் அடுக்குமாடிப் பிள்ளை குடிக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு தமிழ்க் கதை வேண்டாமா?

எழுதுவதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. சுங்கை பட்டாணியில் பிறந்த ஆசிரியர் கே. பாலமுருகன் 2014இல் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' என்னும் சிறுவர் நாவலை வெளியிட்டார். அது மர்மக் கதை, உயிரிரக்க நூலன்று. ஆனாலும் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்நாட்டுக் கதையைத் தமிழில் எழுத முடியும், அதைப் பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள் என்பதை அது காட்டியது. அந்த வழியில் ஒரு கூகையும் ஒரு யானையும் ஒரு தெருநாயும் வர வேண்டும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், விலங்கை வதைப்போருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஆனால் சட்டம் பிடிபட்ட பின்னரே பேசும். கல்லை எடுக்கும் முன் பேச வேண்டியது வீடும் ஏடும்தான்.

கெடா தோட்டங்களின் வரலாறு தரும் பாடம் இதுதான். ஏடு பிள்ளைக்கு இரக்கத்தின் சொல்லைத் தரும். அந்தச் சொல் கையில் இறங்க வேண்டுமானால் பிள்ளை ஓர் உயிரையாவது தொட்டுப் பழக வேண்டும். தன்மேல் அடி விழாத வீட்டில் அது வளரவும் வேண்டும். பெற்றோர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரவில் ஒரு கதையைப் பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம். மறுநாள் காலையில் மாடிப்படியின் கீழ் கிடக்கும் பூனைக்குப் பிள்ளையின் கையாலேயே கொஞ்சம் சோறு வைக்கலாம். லயத்தில் கன்றை அவிழ்த்துவிட்ட தாத்தாவோ பாட்டியோ இன்னும் வீட்டில் இருந்தால், அந்தக் கன்றின் பெயர் என்னவென்று பிள்ளையைக் கேட்கச் சொல்லலாம். அச்சில் வராத நல்லதோர் ஏடு அவர்களிடம் இருக்கிறது.